பதினாலாயிரத்துக்கு ஒரு மரம்

இருபது மாதச் சீட்டு. ஏழாம் மாதமே தள்ளி எடுத்தேன்.
தள்ளுபடி போகக் கைக்கு வந்தது பதினாலாயிரம்.
"ஒரு கிராம் வாங்கி வை" என்றாள் முனிரத்தினா,
பாலிஷ் மெஷினை அணைக்காமலே.

கிருஷ்ணகிரி ரவுண்டானாவில் இறங்கினால்
மாங்கூழ் ஆலைக்குப் போகிற லாரிகள் நகரவே இல்லை.
வெயிலில் பழுத்துக்கொண்டே நின்றன.

கடைக்காரர் அல்லாபகஷ் முதலில் நீட்டியது நீலம்.
ஓரம் வெட்டி, பளபளத்து,
மாப்பிள்ளை அழைப்புக்கு வந்த கார் போல.
ஒன்பதாயிரத்து ஐந்நூறு. பையும் பெல்ட்டும் சேர்த்து.
"எல்லாமே மரம்தானம்மா."

மரம்தான்.
கல்தூளைப் பசையில் குழைத்து வார்த்ததையும்
கல் என்றுதான் விற்கிறார்கள்.

என் வேலை தட்டிப் பார்ப்பது.
பன்னிரண்டு வருடம், நாளுக்கு நூறு கிரானைட் பலகை.
விரல் கணுவால் தட்டினால்
நல்ல கல் நீளமாகப் பதில் சொல்லும்.
உள்ளே விரிசல் ஓடியது
"ம்" என்று நிறுத்திக்கொள்ளும்.

நீலத்தைத் தட்டினேன்.
"ம்."

நடுத்துளையின் விளிம்பில் செல்போன் வெளிச்சம் அடித்தேன்.
மேலே ஒரு தோல், இடையில் கறுப்பாய் ஏதோ, கீழே இன்னொரு தோல்.
பரோட்டா.

அடுத்தது முப்பத்தொன்றாயிரம்.
முன், பின், பக்கம், எல்லாம் முழு மரம்.
அதை நான் தட்டவில்லை.
தட்டியிருந்தால் தூக்கம் போயிருக்கும்.

மூன்றாவது, ஆர்மோனியப் பெட்டிக்குப் பின்னால் கிடந்தது.
"அதுல கறை இருக்கும்மா. யாரும் தொடல.
பதிமூணு எட்டுன்னா எடுத்துக்குங்க."
டீ சிந்தியதுபோல ஒரு கோடு
துளை வரை வந்து
விளிம்பில் இறங்கி
உள்பக்கமும் அதே இடத்தில் ஓடியது.
மற்ற ரேகைகளும் அப்படித்தான்,
ஒன்றுகூட வழி தவறாமல்
மறுபக்கம் போய்ச் சேர்ந்திருந்தன.

எங்கள் யார்டில் சொல்வோம்:
இரண்டு பலகையில் ஒரே பூ விழுந்தால்
அது மலையில் பிறக்கவில்லை.
கறையைக் கட்டைவிரலால் ஒருமுறை தேய்த்தேன்.
போகவில்லை. நல்லது.

திருப்பினேன். முதுகில் அழகான சுழி.
துளை வழியே எட்டிப் பார்த்தால்
அந்தச் சுழி இல்லை, வேறு யாரோ.
முகம் மெய், முதுகு பொய்.
பதிமூன்றாயிரத்து எண்ணூறுக்கு நியாயம்தான்.

"வாசிப்பீங்களா?"
மூன்று கார்டு தெரியும். அதில் ஒன்று பாதிதான்.
தெரிந்ததில் ஒன்றை மீட்டினேன்.
கண்ணாடிக் கதவுவரை போய்
தயங்கித் திரும்பி வந்தது.
"அஞ்சு வருஷம் வாசிச்சா மரம் திறக்கும்" என்றார்.
பிறகு மனசு கேட்காமல்,
"நம்ம ஊர் வெயிலுக்கு அதுக்கு முன்னாடியே
வெடிச்சாலும் வெடிக்கும். ஈரம் வைங்க."

தவணை பதிமூன்று மாதம் பாக்கி.
ஒலி ஐந்து வருடம் பாக்கி.
மீதி இருநூறுக்கு ஒரு செட் கம்பி கேட்டேன்.
முந்நூற்றைம்பதாம். அடுத்த மாதம்.

பர்கூர் பஸ்ஸில் அதற்கும் ஒரு டிக்கெட் கிழித்தார்கள்.
டிக்கெட் வாங்கியதால்
ஜன்னலோரம் அதற்கு.

சோப்பு டப்பாவில் ஓட்டை போட்டு
நனைத்த ஸ்பாஞ்சு வைத்து
பைக்குள் செருகினேன்.
குழாயில் தண்ணீர் எட்டு நாளைக்கு ஒருமுறை வரும் தெருவில்
ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியில்
குடிக்க இன்னொரு ஆள்.

திங்கட்கிழமை
இடது கையில் நாலு விரலிலும் கம்பி பதிந்த கோடு.
பலகை ஓரத்தைத் தடவும்போது காந்தியது.
"என்னாச்சு?" என்றாள் முனிரத்தினா.
"கல்லு கிழிச்சிடுச்சு."

அடுத்த பலகையை வலது கணுவால் தட்டினேன்.
நீளமாகத்தான் சொன்னது.
பாஸ் என்று சாக்பீஸில் எழுதிவிட்டு
இன்னொரு தரம் தட்டினேன்.
மூன்றாம் கம்பிக்குக்
கொஞ்சம் கீழே.